மறுநாள் எடுக்க வேண்டிய படம்

நிதெரோய்,
28 ஜூன் 2008

அன்பு மகள் மரில்டாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், அப்படியே ஆரம்பிக்கிறேன். உன் ஆற்றங்கரைச் சுகாதார நிலையத்தில் மலேரியா குறைந்ததா? போன ஞாயிற்றுக்கிழமை நீ டவுனுக்கு வந்து போன் செய்தபோது உன் தொண்டை கட்டியிருந்தது. ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிற நர்ஸ் தன் உடம்பைக் கவனிப்பதில்லை. தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

போனில் நான் பிடிகொடுத்துப் பேசவில்லை என்று நீ நினைத்திருப்பாய். போன் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவரைப் பற்றி அவர் காதுபடப் பேச எனக்கு வாய் வருவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

பக்கவாதம் வந்து இன்றோடு ஒன்பது வாரம். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டால் வலது காலை இழுத்து இழுத்துச் சமையலறைவரை வருகிறார். வலது கையில் மாற்றம் இல்லை, மடியில் வைத்தால் மடியிலேயே கிடக்கிறது. பேச்சிலும் மாற்றம் இல்லை. அந்த ஒன்றேதான், "இதோ வரேன்." காபி வேண்டுமா என்றாலும் இதோ வரேன், வலிக்கிறதா என்றாலும் இதோ வரேன். பக்கத்து வீட்டு இவோனி வந்து நாளைய ஆட்டத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று அவரிடம் கேட்டாள். அதற்கும் அதே பதில். அவள் சிரித்துவிட்டாள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அவள் போன பிறகு வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் படகுத்துறையில் நின்று கயிறு வீசி, அத்தனை பேரையும் பெயர் சொல்லிக் கத்தி வேலை வாங்கிய மனிதர். தலையாட்டலையும் நம்ப முடியவில்லை. ஆமாம் என்று ஆட்டுவது இல்லை என்று ஆகிவிடுகிறது. ஆனால் நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிகிறது என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் சத்தியம் செய்கிறாள்.

இனி நீ கேட்டுக்கொண்டே இருக்கும் விஷயம். ஆமாம், ரியோவில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் மறுபடி கூப்பிட்டார்கள். டாக்டர் எலோயீசா பொறுமையான பெண்மணி. எல்லாவற்றையும் மறுபடி விளக்கினார். அப்பாவின் இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் மஜ்ஜையை எடுப்பார்களாம். அதிலுள்ள செல்களைப் பிரித்து, கொஞ்சத்துக்கு மட்டும் கதிர்வீச்சு மருந்தால் அடையாளம் வைத்து, தொடை வழியாகக் குழாய் விட்டு மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் செலுத்துவார்களாம். பிறகு ஒரு பெரிய கேமராவுக்கு அடியில் படுக்கவைத்து, அந்தச் செல்கள் உடம்பில் எங்கெங்கே போய்ச் சேர்ந்தன என்று படம் எடுப்பார்களாம். ஸ்ட்ரோக் வந்து மூன்று மாதத்துக்குள் செய்தாக வேண்டுமாம்.

நீ போனில் கேட்டது என் காதிலேயே நிற்கிறது. "அம்மா, இதனால குணமாகும்னு அவங்க ஒரு வார்த்தை சொன்னாங்களா? சொல்லல இல்ல? அப்பா என்ன சோதனை எலியா?" உன் பேச்சைக் கேட்டுக்கொண்டேன். கையெழுத்துப் போடவில்லை. நீ நிம்மதியாக இரு.

அடுத்த வாரம் அவரை ரியோவுக்குக் கூட்டிப் போகிறேன், வழக்கமான பரிசோதனைதான். இரண்டு நாள் யாரும் போன் எடுக்காவிட்டால் பயப்படாதே. இவோனியின் தங்கை வீட்டில் தங்கினாலும் தங்குவோம்.

இவ்வளவு எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்துபோய் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டேன். அடுப்பைப் பற்றவே வைக்கவில்லை.

கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும்.

உன் அம்மா,
சுல்மிரா


நிதெரோய்,
14 செப்டம்பர் 2008

அன்பு மகள் மரில்டாவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. "நல்லவேளை, கையெழுத்துப் போடலையே அம்மா" என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்த நாளிலிருந்து உனக்குப் பதில் எழுத உட்காருவதும், எழுந்து துணி மடிக்கப் போவதுமாக இருக்கிறேன். வீட்டில் மடிக்காத துணி இனி ஒன்றும் மிச்சமில்லை.

நான் எழுதியது பொய், மகளே. அந்தக் கடிதத்தை எழுதும்போதே கையெழுத்துப் போட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. ஜூலை இரண்டாம் தேதி அப்பாவுக்கு அந்தச் சிகிச்சை நடந்தது. இப்போது நன்றாகத்தான் இருக்கிறார். இதை முதலில் சொல்லிவிட்டேன், இனி மீதியைப் பதறாமல் படி.

உன்னிடம் சொன்னது ஒரு பொய் என்றால், அப்பாவிடம் சொன்னது இன்னொன்று. டாக்டர் எலோயீசா நாலு பக்கத்தில் ஒரு விளக்கத் தாள் கொடுத்திருந்தார், பெரிய எழுத்தில், படங்களோடு. வீட்டில் அவருக்கு மெதுவாகப் படித்துக் காட்டுங்கள், ஒரே நாளில் வேண்டாம், ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் அதை என் கைப்பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. இந்தச் சிகிச்சையால் பலன் கிடைக்கும் என்று உறுதி இல்லை என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? அதனால் நானே என் வாயால் சொன்னேன். "ஜெனேசியோ, உன் எலும்புல இருந்து எடுத்து உன் தலைக்கே அனுப்பப் போறாங்க. பேச்சு திரும்பிடும்னு டாக்டரே சொல்லிட்டாங்க." டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. அப்பா என்னையே பார்த்துவிட்டு "இதோ வரேன்" என்றார். படித்துக் காட்டினீர்களா, அவர் சம்மதித்தாரா என்று டாக்டர் கேட்டபோது இரண்டுக்கும் ஆமாம் என்றேன்.

அன்று காலை முதல் படகிலேயே வளைகுடாவைக் கடந்தோம். அப்பாவின் பழைய ஆட்கள் நாற்காலியோடு அவரைத் தூக்கிப் படகில் வைத்தார்கள். நிவால்தோவை உனக்கு நினைவிருக்கும், பல்லு எடுப்பாக இருப்பானே. "மேஸ்திரி, நீங்க இல்லாம நாங்க கயிறு கட்டுற லட்சணத்தைப் பாருங்க. கப்பல் துறையில நிக்குறதே எங்க அதிர்ஷ்டம். வந்து நாலு திட்டு திட்டுங்க" என்றான். அவன் கட்டியிருந்த முடிச்சை அப்பா பார்த்தார். முகம் சுளித்தார். நிவால்தோவுக்கு ஒரே சந்தோஷம்.

இடுப்பில் ஊசி போட்டபோது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். பத்து மணிக்குக் குழாய் வழியாகச் செலுத்தி முடித்தார்கள். அதற்கு இரண்டு மணி நேரம் கழித்து, படுத்தபடியே கட்டிலோடு அந்தக் கேமரா அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த மெஷினை ஓட்டுபவர் பெயர் எட்மில்சன், வழுக்கைத் தலை, பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்பவர். படம் வந்ததும், இது உங்கள் உடம்புதானே, நீங்களும் பாருங்கள் என்று அப்பா பக்கம் திரையைத் திருப்பி வைத்தார்.

கருப்புத் திரையில் ஓர் ஆள் உருவம் தெரிந்தது. முகம் கிடையாது, வெறும் புள்ளிகள்தான். தலையின் இடப்பக்கம் சின்னதாக ஒரு வெளிச்சம். நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். பிறகு கீழே பார்த்தேன். வயிற்றுப் பக்கம் மொத்தமும் நெருப்பு பிடித்த மாதிரி எரிந்துகொண்டிருந்தது. கல்லீரல், மண்ணீரல், நுரையீரலிலும் கொஞ்சம். போன செல்களில் பெரும்பங்கு அங்கேதான் கிடந்தது.

எனக்குத் தாங்கவில்லை. "தலைக்கு அனுப்பினதை வயிறு தின்னுடுச்சா டாக்டர்? இதுக்கா எலும்பைத் துளைச்சீங்க?" என்று கேட்டுவிட்டேன். டாக்டர் எலோயீசாவுக்குக் கோபம் வரவில்லை. "சுல்மிராம்மா, பெரும்பாலும் இப்படித்தான் ஆகும்னு அந்தத் தாள்லயே இருக்கே. கொஞ்சம்தான் தலைக்குப் போகும். அங்க போய் அது என்ன செய்யும், ஏதாவது செய்யுமான்னே எங்களுக்கு இன்னும் தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இந்தப் படமே. உங்ககிட்ட நான் வேற எதுவும் சொல்லலையே?" என்றார்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். திரையைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அன்று முழுவதும் என் கையால் சூப் குடிக்கவில்லை. நர்ஸ் கொடுத்தபோது குடித்தார். நாற்பத்தொரு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் என்மேல் கத்தியிருக்கிறார், ஒருமுறை தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்திருக்கிறார். இப்படி ஒருநாளும் இருந்ததில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு இரண்டாவது படம். அவர்களுக்கு முக்கியமானதே அதுதான். ஒருநாள் கழித்தும் செல்கள் தலையில் தங்கியிருக்கின்றனவா என்று அதில்தான் தெரியும். சக்கர நாற்காலியில் கொண்டுபோனோம். எட்மில்சன் தூக்குவதற்குக் குனிந்தார். அப்பா இடது கையால் கேமரா மேஜையின் விளிம்பை இறுக்கிப் பிடித்துத் தள்ளிக்கொண்டு, தெளிவாக, அறை முழுக்கக் கேட்கும்படி, "வேணாம்" என்றார்.

மகளே, நான் அழுதுவிட்டேன். பத்து வாரமாக இன்னொரு வார்த்தைக்காக நான் வேண்டாத சாமி இல்லை. எட்மில்சன் பாட்டை நிறுத்திவிட்டார். நான் டாக்டரைப் பிடித்து உலுக்கி, வேலை செய்துவிட்டது, பேச்சு வந்துவிட்டது என்றேன். அவர் தலையை அசைத்து, ஒரே நாளில் செல் எதுவும் செய்யாது, இது அவராகவே சொன்னது, தயவுசெய்து இதை வைத்து நம்பிக்கை வளர்த்துக்கொள்ளாதீர்கள் என்றார். நான் காதில் வாங்கவில்லை. அப்பாவின் தோளைத் தட்டி, "பாத்தியா, நான் சொன்னேன்ல? இப்ப நல்ல பிள்ளையா படு" என்றேன்.

"வேணாம்" என்றார் மறுபடி. இந்த முறை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

அப்போதுதான் உறைத்தது. நான் சத்தத்தைத்தான் கேட்டேனே தவிர, சொன்னதைக் கேட்கவில்லை.

டாக்டர் கேமராவைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டார். அவருக்கு எவ்வளவு வருத்தம் என்று முகத்திலேயே தெரிந்தது. அந்த அடையாள மருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகுமாம். நாளைக்கு என்று ஒத்திப்போட முடியாது. மதியத்துக்குமேல் திரையில் ஒன்றும் தெரியாது. அந்த ஒரு படம் இல்லாவிட்டால் அப்பாவுக்குச் செய்தது பாதியில் நின்ற மாதிரி. ஆனாலும், "அவரு வேணாம்னா வேணாம்தான். கையெழுத்து நீங்க போட்டிருக்கலாம், உடம்பு அவரோடது" என்றார். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தத் தாளைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தாழ்வாரத்தின் கோடிக்குப் போனேன். அங்கிருந்து வளைகுடாத் தண்ணீர் தெரியும். பையிலிருந்து தாளை எடுத்தேன். எட்டாக மடித்து மூலையெல்லாம் நைந்திருந்தது. முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். அவர் முதலில் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பத்தியில் திரும்பினார். பிறகு இடது விரலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டே வந்தார். பலன் உறுதி இல்லை என்ற இடத்தில் விரல் நின்றது. நான் தாண்டிப் போகப் பார்த்தேன். விடவில்லை. மூன்று முறை படிக்கவைத்தார். 

"ஜெனேசியோ, உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்ல. மரில்டாகிட்டயும் பொய் சொன்னேன். உன் பேச்சு இல்லாத வீட்டுல என்னால இருக்க முடியல, அதுக்காகப் பண்ணேன். உனக்காகன்னு சொல்லிக்கிட்டேன்." இவ்வளவும் சொன்னேன். இதைவிட வேறு சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவர் என்னைத் தேற்றவில்லை. மீதியைப் படி என்பதுபோல் தாளைத் தட்டினார். கடைசிப் பக்கத்தில், இனி வரும் நோயாளிகளுக்கு இது பயன்படலாம் என்று இருந்தது. எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம் என்றும் இருந்தது. படித்து முடித்தபோது மணி பதினொன்று. அவர் இடது கையால் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளினார். ஒரு சக்கரத்தை மட்டும் தள்ளினால் நாற்காலி சுற்றத்தான் செய்யும். அதுவும் சுற்றியது. நான் பின்னால் பிடிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். இடது காலைத் தரையில் ஊன்றி ஊன்றித் திசை திருப்பி, சுவரில் இரண்டு முறை முட்டி, அந்தத் தாழ்வாரம் முழுவதையும் தானே கடந்தார். நான் பின்னால் நடந்தேன்.

கேமரா அறை வாசலில் டாக்டர் எலோயீசா நின்றிருந்தார். என்னை ஒன்றும் கேட்காமல் குனிந்து அவரிடமே கேட்டார், வீட்டுக்குப் போகிறீர்களா என்று. "வேணாம்" என்றார் அப்பா. படம் எடுக்கட்டுமா என்றார். அப்பா பதில் சொல்லாமல் மேஜையில் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். டாக்டர் விடாமல், கேள்வியை மாற்றி மாற்றி இன்னும் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் வீட்டுக்குப் போவது என்றபோது மட்டும்தான் அந்த "வேணாம்" விழுந்தது. பிறகு அப்பா சைகையால் பேனாவைக் கேட்டு வாங்கி, சம்மதத் தாளில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் இடது கையால் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார். பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது மாதிரி இருந்தது. எட்மில்சன் அவரைத் தூக்கிப் படுக்கவைத்தார்.

படம் எடுக்க நேற்றைவிட நிறைய நேரம் ஆனது. தலையில் அந்த வெளிச்சம் மங்கிப்போயிருந்தது, ஆனால் இருந்தது. டாக்டர் திரையில் விரலை வைத்து, "இன்னும் இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். அவ்வளவு படித்தவர் சின்னப் பெண்போல நின்றதை அப்போதுதான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

இது நடந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. இப்போது அவரிடம் பதினோரு வார்த்தைகள் இருக்கின்றன. வலது கைக் கட்டைவிரல் அசைகிறது. செல்லாலா, பயிற்சியாலா, தானாகவா என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். தெரியாது என்று ஒவ்வொரு முறையும் டாக்டர் சொல்கிறார். இன்னும் பலருடைய படங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியுமாம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் தூங்கும்போது இடப்பக்கத் தலையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், அங்கே ஏதோ தெரியப்போகிற மாதிரி. அவருக்கு அந்தத் தவிப்பெல்லாம் இல்லை. பதினோரு வார்த்தைகளில் அதிகம் புழங்குவது "வேணாம்"தான். பீன்ஸ் குழம்பு வேணாம், அந்தச் சட்டை வேணாம், டிவியில் பாதிரியார் வேணாம். இவோனி வந்து அவர் எப்படி இருக்கிறார் என்று என்னிடம் கேட்டால் மேஜையில் ஓங்கித் தட்டுகிறார். தன்னைப் பற்றித் தன்னிடம் கேட்க வேண்டுமாம். அவள் இப்போது வாசலிலேயே நின்று, "ஜெனேசியோ, எப்படி இருக்கீங்க? அவசரமே இல்ல, நான் சாயங்காலம் வரைக்கும் சும்மாதான் இருக்கேன்" என்கிறாள்.

என்னை மன்னித்தாரா என்று தெரியவில்லை. என் கையால் சாப்பிடுகிறார். ஆனால் அவருக்குப் பதிலாக நான் வாயைத் திறந்தால் அந்தப் பார்வை வந்துவிடுகிறது.

இந்தக் கடிதத்தை நேற்று அவருக்குப் படித்துக் காட்டினேன். ஓரிடத்தில் நிறுத்தினார். என் கையால் சூப் குடிக்கவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா, அதை அடிக்கச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். இல்லை, அது இருக்கட்டும் என்றுதான் தட்டினார்.

நீ என்மேல் கோபப்படு. நியாயம்தான், எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். அடுத்த ஞாயிறு போன் செய்யும்போது அப்பா எப்படி இருக்கிறார் என்று என்னிடம் கேட்காதே. நான் போனை எடுத்து அவர் காதில் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன். அவரிடமே கேள். உன் பெயரை ஒரு வாரமாகப் பழகுகிறார். "மரி" வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது. மூச்சு வாங்கும், தொண்டையைக் கனைப்பார், லைன் அறுந்துவிட்டது என்றுகூட உனக்குத் தோன்றும். அறுந்திருக்காது. மீதியை நீ சொல்லிவிடாதே, மகளே. எவ்வளவு நேரமானாலும் காதை எடுக்காமல் காத்திரு.

நீ நடக்கும் வழியும் நீ ஏறும் படகும் உனக்குத் துணையாக இருக்கட்டும்.

உன் அம்மா,
சுல்மிரா